கையடக்க டிஜிட்டல் வானொலி: வயரைக் கவனித்தால் நன்றாகவே பாடும்

கைப்பேசியே எல்லாவற்றையும் செய்துவிடும் காலத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டிஜிட்டல் வானொலியைத் தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வானொலியை விரும்பிக் கேட்பவராக இருந்தால் தாராளமாக வாங்கலாம் என்பதே. இவ்வகைக் கருவிகளில் டி.ஏ.பி. பிளஸ் (டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் வானொலி முறையின் புதிய வடிவம்), பண்பலை, மெமரி கார்டிலிருந்து பாட்டுக் கேட்கும் வசதி ஆகிய மூன்றும் ஒன்றாக வருகின்றன. நான் பயன்படுத்துவதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். வானொலியாக அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இசைப்பானாக, குறை சொல்லும்படியும் சில இடங்கள் உண்டு.

வாங்குவதற்கு முன், வசிக்கும் இடத்தில் டி.ஏ.பி. ஒலிபரப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் டிஜிட்டல் வானொலி என்று அச்சிட்டிருந்தாலும், உலகம் முழுவதற்கும் ஒரே முறை கிடையாது. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் டி.ஏ.பி. பிளஸ் வழக்கில் இருக்கிறது, அமெரிக்காவில் இருப்பது எச்.டி. ரேடியோ, இந்தியாவில் அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்ற வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. ஆகவே இந்தக் கருவியை அமெரிக்காவிலோ இந்தியாவிலோ எடுத்துப் போனால் அது வெறும் பண்பலை வானொலியாகத்தான் இருக்கும். மாறாக, 2017-இல் தேசிய வானொலிகளைப் பண்பலையிலிருந்து முழுவதுமாக விலக்கிக்கொண்ட நார்வே போன்ற நாட்டில், அவற்றை இணையம் இல்லாமல் கேட்க டி.ஏ.பி. வானொலி தேவைப்படுகிறது.

இக்கருவியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால், அதன் இயர்போன் வயரைப் பற்றியே சொல்வேன். வெளியே நீட்டும் ஆன்டெனா இவற்றில் பெரும்பாலும் கிடையாது. அந்த வயரே ஆன்டெனாவாகவும் வேலை செய்கிறது. டி.ஏ.பி. அலைகள் 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் வருகின்றன. 200 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.5 மீட்டர், அதில் கால் பங்கு ஏறத்தாழ 37 சென்டிமீட்டர். பண்பலைக்கு இந்தக் கால் பங்கு முக்கால் மீட்டர் வரும். அதனால் வயரைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, நிலையம் கிடைக்கவில்லை என்று கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. வயரைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை தொங்கவிட்டதும், திரையில் இரண்டு கோடாக இருந்த சிக்னல் நான்காக உயர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெட்டியோடு வந்த இயர்போனைவிட, சற்று நீளமான வயருள்ள வேறொன்று எனக்கு ஒலியிலும் வரவேற்பிலும் தெளிவான முன்னேற்றத்தைத் தந்தது.

இதே காரணத்தால், புளூடூத் வசதி உண்டு என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வயரில்லாத இயர்போனில் வானொலி கேட்க வேண்டுமென்றாலும், ஆன்டெனாவுக்காக ஒரு வயரைத் துளையில் செருகியே வைத்திருக்க நேரும். கார்டில் உள்ள பாட்டைக் கேட்கும்போது மட்டுமே புளூடூத் முழுச் சுதந்திரம் தருகிறது.

பண்பலையில் சிக்னல் தேயத் தேய இரைச்சல் மெல்ல மெல்லக் கூடும்; ஆனாலும் பேச்சு புரியும். டி.ஏ.பி. பிளஸில் அந்த இடைநிலை கிட்டத்தட்ட இல்லை: துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருக்கும், ஒரு வளைவில் திரும்பியதும் அறவே நின்றுவிடும். நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் சிக்னல் உள்ள இடங்களில், உயரமான கட்டடங்களுக்கு இடையே பண்பலை படும் பாடு இதற்கு இல்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளைச் சமாளிக்கும்படியே இம்முறை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பல நிலையங்கள் சேர்ந்த ஒரே தொகுப்பைப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்ப முடிவதும் அதனால்தான். அக்கோபுரங்கள் எட்டும் எல்லைக்குள் எவ்வளவு தூரம் பயணம் செய்தாலும் நிலையத்தைத் தேடி மாற்ற வேண்டியதில்லை.

ஒலித்தரத்தைக் கருவியை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய டி.ஏ.பி. எம்.பி.2 முறையிலும், 2007-இல் வந்த டி.ஏ.பி. பிளஸ் அதைவிடத் திறன்மிக்க ஏ.ஏ.சி. முறையிலும் ஒலியைச் சுருக்கி அனுப்புகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பது ஒலிபரப்புவோரின் கையில் இருக்கிறது. வினாடிக்கு 32 கிலோபிட் தரும் நிலையத்தில் பேச்சு நன்றாகக் கேட்கும். ஆனால் வயலினும் தாளக்கருவிகளின் கணீரென்ற ஓசையும் மங்கிவிடும். 80-க்கு மேல் தரும் நிலையத்தில் அதே கருவி வேறொன்றாக மாறிவிட்டதோ என்று தோன்றும். நிலையத்தின் பிட் அளவைத் திரையில் காட்டும் வசதி என் கருவியில் இருக்கிறது. வாங்கும்போது அதையும் கேட்டுப் பாருங்கள்.

வேறோர் ஊருக்குப் போனால் முதலில் முழுத் தேடலை ஓடவிட வேண்டும். டி.ஏ.பி. பட்டையில் 5ஏ முதல் 13எஃப் வரை 38 அலைவரிசைத் தொகுதிகள் உள்ளன. கருவி அவற்றை ஒவ்வொன்றாகத் துழாவி, நிலையங்களைப் பெயரோடு பட்டியலிட்டுவிடும். அலைவரிசை எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. திரையில் ஓடும் எழுத்துகளில் பாட்டின் பெயரும் நிகழ்ச்சியின் பெயரும் வருவது எனக்குப் பெரிய வசதி. டி.ஏ.பி. ஒலி பண்பலையைவிடச் சில வினாடிகள் பிந்தியே வரும் என்பதால், மணி அடிக்கும் ஓசையை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்ய மட்டும் இதை நம்ப முடியாது.

இசைப்பான் பகுதிக்கு வருகிறேன். எம்.பி.3, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஆகிய இரு வகைக் கோப்புகளையும் என் கருவி தடங்கலின்றிப் பாடுகிறது. நல்ல இயர்போன் இருந்தால் ஒலியும் நிறைவாகவே இருக்கிறது. ஏமாற்றம் தமிழ்ப் பெயர்களில்தான். கோப்புக்குத் தமிழில் பெயரிட்டிருந்தால், கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் பிரிந்து நிற்கின்றன. "கொ" என்பதில் கொம்பு ஓரிடத்திலும் "க" ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடப்பதைப் பார்க்கவே மனம் வருந்துகிறது. இதே வகையில் வேறு சில கருவிகள் வெறும் கட்டங்களையே காட்டுகின்றன. யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆன பின்னும் தயாரிப்பாளர்கள் இதைக் கவனிக்காதது சரியல்ல. அடுத்ததாக, பாட்டுகள் பெயர் வரிசையில் வராமல், கார்டில் ஏற்றிய வரிசையில் வருவதுண்டு. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 01, 02 என்று எண் இட்டு, அதே வரிசையில் ஏற்றினால் இது தீர்ந்துவிடும். கார்டு வாங்கும்போதும் கவனம் தேவை: 32 ஜிபிக்கு மேற்பட்டவை வேறு கோப்பமைப்பில் வருவதால், கருவி அவற்றை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

கார்டிலிருந்து பாடும்போது பேட்டரி நெடுநேரம் தாங்குகிறது, டி.ஏ.பி. அதை வேகமாகத் தீர்த்துவிடுகிறது. வெளியூர்ப் பயணத்தில் டி.ஏ.பி.யையே நம்பியிருப்பவர்கள், பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய கருவியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பட்டன்களைப் பூட்டும் சிறு விசை என் கருவியில் பக்கவாட்டில் இருக்கிறது. தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பைக்குள் இருக்கும்போது தானாகவே நிலையம் மாறாமல் இருக்க அது மிகவும் உதவுகிறது.

தெரு இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் இயர்போனில் ஆபத்தானது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவாகக் கொள்கிறது. கருவியின் அமைப்புகளில் உச்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால், முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். கடையில் கேட்டுப் பார்ப்பதைவிட, தினமும் நடக்கும் வழியிலும் படுக்கையறையிலும் சிக்னல் எப்படி என்று பார்ப்பதே முக்கியம் என்பதால், திருப்பித் தர அவகாசம் அளிக்கும் இடத்தில் வாங்கி, அந்த அவகாசத்துக்குள் இவ்விரண்டு இடங்களிலும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.