டியூட்டி கட்டிய ஸ்பீக்கரும் ரிச்சி தெரு ஆம்ப்பும்: நாலு மாத அனுபவம்

2025 தீபாவளிக்கு முன்னால் வாங்கிய பாட்டு செட். நாலு மாதமாகத் தினமும் ஓடுகிறது, அதனால் இனி தைரியமாக எழுதலாம். ஒரு ஜோடி இறக்குமதி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 34,500 ரூபாய், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் சொல்லி அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 9,800, அப்புறம் கனத்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், பெட்டிக் கூலியெல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். ஹால் பத்துக்குப் பதினாலு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்குப் பெரிய சங்கீத ஞானமெல்லாம் கிடையாது. ஆனால் மிருதங்கத்தில் எது வலந்தலை (வலப்பக்கம்), எது தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், ஸ்பீக்கர் வாங்க அது போதும் என்பது என் கட்சி.

ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் காசு பெரும்பாலும் அங்கேதான் போனது. கடைக்காரர் பாட்டு போட்டுக் காட்டுவதற்கு முன்பே அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டி முழுக்க இங்கிலாந்துப் பெருமை அச்சடித்திருந்தது, அதன் மேல் கோணலாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர்: இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி. 42,900, தயாரான நாடு சீனா. கடையில் பெட்டியோடு விற்கும் இறக்குமதிப் பொருள் என்றால் இந்த விவரமெல்லாம் பெட்டிமேல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைப் படியுங்கள். ஸ்டிக்கரே இல்லை என்றால் அது யாரோ சூட்கேஸில் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம், விலை குறைவாகத்தான் இருக்கும், ஆனால் ட்வீட்டர் (மெல்லிய ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

"அமெரிக்காவுல இது 299 டாலர்னு போட்டிருக்கே சார்" என்று கேட்டேன். அன்றைய தேதிக்கு அது 26,000 சொச்சம். அவர் சிரித்தார். "அது அங்க சார். இங்க வர்றதுக்குள்ள எத்தனை பேர் கை நனையுதுன்னு பாருங்க." தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்ததும் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்று தெரிந்தது.

பெட்டியில் பொருத்திய ஸ்பீக்கருக்கு நம் நாட்டுச் சுங்கவரி 2018 செப்டம்பர் வரை 10 சதவீதம். அந்த மாதம் ரூபாய் சரிந்துகொண்டிருந்தது, ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று 19 பொருள்களுக்கு ஒரே ராத்திரியில் வரியை ஏற்றினார்கள். அந்தப் பட்டியலில் ஸ்பீக்கரும் இருந்தது, 10 என்பது 15 ஆனது. 2022 பட்ஜெட்டில், ஹெட்ஃபோனோடு சேர்த்து, 20. இதற்கு மேல் சமூக நல சர்சார்ஜ் என்று ஒன்று, அது வரித்தொகையில் பத்தில் ஒரு பங்கு. ஆக 22. பிறகு 18 சதவீத ஜி.எஸ்.டி., அது உள்ளூர் ஸ்பீக்கருக்கும் உண்டு.

இப்போது கணக்கு. துறைமுகத்தில் சரக்கின் மதிப்பு ஜோடிக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம் (டிஸ்ட்ரிபியூட்டர் கடை விலைக்கா வாங்குவார்?). சுங்கவரி 3,000, சர்சார்ஜ் 300, ஆக அவருக்கு அடக்கம் 18,300. துறைமுகத்தில் கட்டும் ஜி.எஸ்.டி.யைப் பின்னால் கழித்துக்கொள்ளலாம், அதனால் அதை விட்டுவிடுங்கள். சுங்கவரியைக் கழிக்க முடியாது, அது விலையிலேயே உட்கார்ந்துவிடும். அவர் 20 சதவீதம் லாபம் வைக்கிறார் என்றால் 21,960. கடைக்காரர் 25 வைத்தால் 27,450. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 32,391. லாப விகிதங்கள் என் ஊகம்தான், ஆனாலும் நான் கொடுத்த 34,500-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். இதே கணக்கைச் சுங்கவரி இல்லாமல் போட்டால் 26,550. அதாவது அரசாங்கம் துறைமுகத்தில் வாங்கியது 3,300, என் பையிலிருந்து அதற்காகப் போனது 5,841. வரிக்கு மேல் லாபம், லாபத்துக்கு மேல் இன்னொரு லாபம், அதற்கு மேல் மறுபடி வரி. பட்ஜெட் அன்றைக்கு டிவியில் "ஐந்து சதவீதம் ஏற்றம்" என்று ஓடும்போது சின்ன விஷயமாகத் தெரிவது கடைக்கு வரும்போது ஏன் ஊதிப் போகிறது என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ரூபாய் சரிவு தனிக்கதை. 2022 ஆரம்பத்தில் டாலர் 75 ரூபாய்க்குள் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. வரியை ஒரு பைசா ஏற்றாமலே அதே ஸ்பீக்கரின் அடக்கம் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். மதிப்பு ஏறினால் அதன் மேல் போடும் வரியும் ஏறும். நான் தீபாவளிக்கு வாங்கியது நல்லதாகப் போயிற்று.

சரி, கொடுத்த காசுக்கு ஒலி எப்படி? எனக்குத் திருப்தி. ஐந்து இன்ச் ஊஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), சில்க் டோம் ட்வீட்டர், எட்டு ஓம். குரல் அப்படியே நடு ஹாலில் நிற்கிறது, பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன் இழுக்கும் மூச்சுகூடக் கேட்கிறது. வலந்தலையில் விரல் படும் சத்தமும் அதன் பின்னால் வரும் நாதமும் தனித்தனியாக வருகின்றன. பழைய ஹோம் தியேட்டர் செட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே 'டப்'. நாதஸ்வரம் சத்தமாக வைத்தாலும் காதைக் குத்தவில்லை. குறை என்றால் தொப்பிதான், அதன் கும்காரம் பாதியில் நின்றுவிடுகிறது. தவில் என்றால் இன்னும் மோசம், பக்கத்துத் தெருக் கல்யாணம் போலக் கேட்கும். ஐந்து இன்ச்சிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். நான் முதல் வாரம் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுப் பணம் போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

கூரியரில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பழைய காயத்தைக் காட்டுகிறேன். ஐந்தாறு வருடம் முன்பு உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப் ஒன்று, அனுப்புக் கூலியோடு 6,000 ரூபாய், ஆசைப்பட்டு ஆர்டர் போட்டேன். சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு அப்போது தனி விகிதம்: 35 சதவீதம், சர்சார்ஜ், அதன் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி., எல்லாம் பெருக்கினால் 77.28. வரி மட்டும் 4,637 ரூபாய், அதற்கு மேல் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கென்று கூரியர்காரர்கள் ஒரு கட்டணம். டெலிவரிப் பையன் வாசலில் நின்று தொகையைச் சொன்னபோது வேறு யாருடைய பார்சலோ என்றுதான் நினைத்தேன். "கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லுடா" என்று இன்றும் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிஃப்ட் என்ற பெயரில் வரியில்லாமல் பார்சல் இறக்குமதி செய்வதை 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள், ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. இடையில் 20 ஆகக் குறைந்திருந்த சொந்த உபயோகப் பொருள்களுக்கான சுங்கவரியை 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் 10 ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் சின்ன ஆம்ப், டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சின்னக் கருவி) மாதிரி சாமான்களுக்கு இனி இந்த வழி பரவாயில்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் வேண்டாம், ஏனென்றால் சுங்கத்தில் மதிப்பு என்பது பொருளின் விலை மட்டும் கிடையாது, அனுப்புக் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்ததுதான் மதிப்பு. பன்னிரண்டு கிலோ பெட்டிக்கு விமானக் கூலியும் கொடுத்து, அந்தக் கூலிக்கும் வரி கட்டவேண்டும்.

இதை யோசித்த பிறகுதான் மற்ற இரண்டையும் உள்ளூரில் முடித்தேன். ஆம்ப்பில் எடை எங்கே இருக்கிறது? ட்ரான்ஸ்ஃபார்மரில், அதாவது இரும்பும் செம்பும். சப்வூஃபரில் எங்கே? மரப்பெட்டியில், மீதி காற்று. இரும்பையும் காற்றையும் கப்பலில் ஏற்றி வந்து சுங்கவரி கட்ட எனக்கு மனசு வரவில்லை. ட்வீட்டர், கிராஸ்ஓவர் (ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்), பெட்டிக்கும் ஊஃபருக்கும் உள்ள பொருத்தம், இதற்கெல்லாம் கட்டலாம், அது ஆராய்ச்சிக்கான காசு. கொல்கத்தாவில் சோனோடைன், மும்பையில் நார்ஜ் என்று நம் நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு, அவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரிச்சி தெருக் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "5.1 போர்டா (ஹோம் தியேட்டருக்கானது), ஸ்டீரியோவா?" ஸ்டீரியோ போதும் என்றதும் முகம் லேசாக வாடியது. சேனலுக்கு ஒரு ஜோடி 5200, 1943 ட்ரான்சிஸ்டர், 24-0-24 ஐந்து ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், ப்ளூடூத் வேண்டாம், ரிமோட் வேண்டாம், முன்னால் டிஸ்கோ லைட் சுத்தமாக வேண்டாம். கடைசியதை அவருக்குப் புரியவைக்கத்தான் பத்து நிமிடம் ஆனது. ட்ரான்ஸ்ஃபார்மரை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்க சார், காப்பர் வைண்டிங். அலுமினியம் இப்படிக் கனக்காது" என்றார். நிஜமாகவே பக்கத்தில் இருந்த இன்னொன்று அதே அளவில் கனம் குறைவாகத்தான் இருந்தது. ட்ரான்சிஸ்டரிலும் டூப்ளிகேட் நிறைய. "ஒரிஜினல் போடுங்கண்ணே, கூட ஆனாலும் பரவாயில்லை" என்றேன், இரண்டு தினுசையும் லைட்டுக்கு நேரே சாய்த்து எழுத்தைக் காட்டினார். டூப்ளிகேட்டில் எழுத்து நகத்தால் சுரண்டினால் வந்துவிடுகிறது. அந்த ட்ரான்சிஸ்டரும் வெளிநாட்டிலிருந்து வருவதுதான், ஆனால் மொத்தச் செலவில் அது சில நூறு ரூபாய். அதற்கு எவ்வளவு வரி போட்டால்தான் என்ன?

மூன்று நாளில் ரெடி. வீட்டில் மாட்டினால் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம், பாட்டு இல்லாத நேரத்தில் சோஃபா வரைக்கும் கேட்டது. திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி, எர்த் ஒயர்களைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கொண்டுபோய் பற்றவைத்தார், பதினைந்து நிமிடம், காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது ட்வீட்டரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது. வால்யூம் திருகைக் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடம் வரை திருப்பினாலே ஹால் நிறைந்துவிடும். பில் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் ஒரு சின்னச் சீட்டில் '1 வருஷம்' என்று எழுதித் தருவார். அதுதான் வாரண்டி. வெளியே ஃபினிஷிங் சுமார்தான், பின்பக்க சாக்கெட் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறை ஒயர் செருகும்போதும் கண்ணை உறுத்தும்.

சப்வூஃபருக்குப் பத்து இன்ச் டிரைவரும் ஆம்ப் பிளேட்டும் அதே தெருவில். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பெட்டியை எங்கள் ஏரியா தச்சர் அடித்துத் தந்தார், உள்ளே என்ன வைக்கப்போகிறேன் என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை, கோழிக்கூடு என்று நினைத்திருக்கலாம். தொப்பி இப்போது முழுசாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கேட்கிறது, ஒன்பது மணிக்கு மேல் அணைத்துவிடுகிறேன்.

சிங்கப்பூர், துபாயிலிருந்து மச்சானோ சித்தப்பாவோ வருகிறார் என்றால் ஹெட்ஃபோன், டேக் இதெல்லாம் சொல்லிவிடலாம். இங்கிருந்து போய் வருபவருக்கு வரியில்லா வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் 75,000 ஆக்கியிருக்கிறார்கள். டிவிக்கு அந்தச் சலுகை கிடையாது, 2013-லேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஆம்ப் கேட்பவர்கள் 120 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நம்ம 230-ல் செருகினால் புகைதான் வரும். அங்கேயே இப்போது ஒன்றும் மலிவில்லை, 2025 ஏப்ரலில் சீனச் சரக்குக்கு 145 சதவீதம் வரை ஏற்றி, மே மாதம் 30-க்கு இறக்கி, அங்குள்ளவர்களே நம்மைப் போலக் கால்குலேட்டரும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ரிச்சி தெருவுக்கு வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் பரணில் போட்டிருக்கிறேன், இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் வாரம் ஒருமுறை பேச்சு வருகிறது. வாரண்டி முடியும் வரை அந்தக் கோணல் ஸ்டிக்கரோடு அது அங்கேயே கிடக்கட்டும்.