இலவச கேம்ப் என்று வேன் வந்தால்: பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

நீலகிரியில் சேரம்பாடி, பந்தலூர் பக்கம் எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) சொந்தபந்தம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் எங்கள் லயனுக்கு ஒரு வேன் வந்தது. இலவசமாக சுகர், பிரஷர் பார்க்கிறோம் என்று மைக்கில் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் அப்படியே வரிசையில் நின்றார்கள். அம்மாவும்தான்.

சுகர் பார்க்க விரல் நுனியில் ஒரு குத்து போதும். இவர்கள் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு, ஊதா மூடி போட்ட மூன்று ட்யூபில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாலு பக்க இங்கிலீஷ் பேப்பரில் கைநாட்டு. பதிலுக்கு ஒரு அட்டை சத்து மாத்திரை, ஒரு பிஸ்கட் பாக்கெட். பக்கத்து வீட்டுப் பெண், புண்ணியவதி, அந்தப் பேப்பரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். படித்தால், நடந்தது ஆராய்ச்சி. ரத்தத்தைப் பிற்கால மரபணு ஆய்வுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து யாருடையது தெரியுமா? அவர்கள் வேன் டிரைவருடையது!

பேப்பரில் இருந்த நம்பருக்கு அடித்தேன். "உங்கம்மா சம்மதிச்சுதானே சார் கைநாட்டு வச்சாங்க" என்றார் ஒருவர். "சுகர் பாக்கணும்னாங்க, கையை நீட்டுனேன்" என்கிறார் அம்மா. அந்த சுகர் ரிசல்ட்டும் இன்றுவரை வரவில்லை.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த மலையில் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது ரத்தம் பார்த்ததால்தான் தெரிய வந்தது. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி, என்ன ஆய்வு, ரத்தம் எங்கே போகும் என்பதை நமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும். சம்மதப் பேப்பரின் நகல் நம் கைக்கு வர வேண்டும். அதில் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

அப்போது ஆந்திராவில் இருந்த, இப்போது தெலங்கானாவில் உள்ள கம்மத்தில் 2009-10இல் எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி ஆய்வுக்கு மாணவிகளுக்காக ஹாஸ்டல் வார்டன்களே கையெழுத்துப் போட்ட விவகாரம் நாடாளுமன்றக் குழு வரை போனது. இங்கே டிரைவர், அவ்வளவுதான் வித்தியாசம். ஊசி, மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் இன்னும் கறாராகக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து அவற்றை சிடிஆர்ஐ என்ற அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில் பதிவது கட்டாயம். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால் கை நீட்டாதீர்கள்.

அம்மாவின் ரத்தத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொல்லி நெறிமுறைக் குழுவுக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். குழுவின் முகவரியை அந்த ஆளிடமிருந்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். வேன் அடுத்து எருமாடு பக்கம் போகிறது என்று பேச்சு. அங்கே யாராவது இருந்தால் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.