ஆம்ப்ளிஃபயருக்கு விலையுயர்ந்த பவர் கார்டு வாங்க நினைப்போர் கவனத்திற்கு

நாகஸ்வரக் கச்சேரிப் பதிவுகளை வீட்டில் நல்ல நாதத்தோடு கேட்க வேண்டும் என்ற ஆசை காவிரிக் கரையில் பலருக்கும் உண்டு. அந்த ஆசையைக் காசாக்கும் விற்பனை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஒலிக்கருவிகள் விற்கும் கடை ஒன்றில், ஆம்ப்ளிஃபயரைச் சுவர் சாக்கெட்டுடன் இணைக்கும் ஒயரான பவர் கார்டில், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ‘உயர்தர’ வகையை 18,000 ரூபாய்க்கு விற்றார்கள். “கரண்ட் சுத்தமா வந்தாத்தான் சார், சவுண்டும் சுத்தமா வரும்” என்ற விற்பனையாளர், தவிலில் தொப்பி எனப்படும் கனத்த பக்கத்தின் நாதம் ஆழமாகும் என்றும் ஸ்பீக்கரில் கேட்கும் உறுமல் அடங்கும் என்றும் உறுதி சொன்னார். கடையிலேயே கார்டை மாற்றிக் காட்டியபோது வித்தியாசம் கேட்டது, நானும் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் அதன் அழுத்தத்தைக் குறைத்து, ரெக்டிஃபயர் அதை ஒரே திசையில் ஓடவைத்து, பெரிய கெபாசிட்டர்கள் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த பிறகுதான் அது ஒலிக்குப் பயன்படுகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள சாதாரண கார்டில், போகவும் வரவுமாக 3 மீட்டர் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.08 ஓம். 200 வாட் இழுக்கும் கருவிக்கு ஓடுவது 1 ஆம்பியர் அளவுதான். ரெக்டிஃபயர் விட்டுவிட்டு இழுப்பதால் உச்ச நேரத்தில் அது 5 ஆம்பியரானாலும், கம்பியில் இழப்பது அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். குறுவைக் காலத்தில் சுற்றுவட்டாரப் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் எங்கள் ஊரில் வோல்டேஜ் 200க்கும் கீழே இறங்குகிறது. அதற்கு ஸ்டெபிலைசர் பயன்படலாம், கார்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் கடையில் வித்தியாசம் கேட்டது எப்படி? கார்டை மாற்றிய கையோடு விற்பனையாளர் வால்யூம் குமிழையும் சிறிது நகர்த்தினார். ஒலியளவு ஒரு டெசிபெல் கூடினாலும் காது அதைத் ‘தெளிவு’ என்றே எடுத்துக்கொள்ளும் என்பது ஒலித்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. வீட்டில் வால்யூமைத் தொடாமல், எந்தக் கார்டு செருகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதபடி மைத்துனரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிக் கேட்டேன். ஊகித்துச் சொல்வதைவிட மேலாக என்னால் சொல்ல முடியவில்லை. உறுமலும் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்த டிவி பெட்டிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் அது நின்றது, உறுமல் வந்தது அந்த ஒயர் வழியாகத்தான்.

இவ்வளவோடு போயிருந்தால் பண நட்டம் என்று விட்டிருப்பேன். மல்டிமீட்டரால் சோதித்தபோது, பிளக்கின் பருத்த எர்த் பின்னுக்கும் மறுமுனைக்கும் இடையே தொடர்பே இல்லை. எலக்ட்ரீஷியன் பிளக்கைப் பிரித்தார். எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் பொருத்தப்படாமல் வெட்டி விடப்பட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குள் இன்சுலேஷன் பழுதாகி மின்சாரம் உலோகப் பெட்டியில் கசிந்தால், அதைத் தொடுகிற குழந்தையின் உடம்பே எர்த் ஆகிவிடும். கம்பியிலோ பிளக்கிலோ ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை.

கடையில் கேட்டபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை, பில்லில் கெடு ஏதும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், முறையற்ற வணிகமாகவே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பில்லில் பொருளின் பெயரையும் அதன் சிறப்பாகச் சொன்னவற்றையும் எழுதித்தரக் கேளுங்கள். எனக்கு வெறுமனே ‘ஒயர்’ என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், புகாரில் இப்போது அதுதான் இடறுகிறது.

இதே போன்ற கார்டு வைத்திருப்பவர்கள் அதைச் சுவரிலிருந்தும் கருவியிலிருந்தும் முழுக்கக் கழற்றிய பின், பிளக்கின் எர்த் பின்னுக்கும் மறுமுனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். தொடர்பு இல்லையென்றால், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சில நூறு ரூபாய்க் கார்டு ஒன்றை வாங்கி மாட்டும் வரை ஆம்ப்ளிஃபயரை இயக்க வேண்டாம்.