டேங்க் வேக்கம் கணக்கில் பிண்ட்: நாலு வருட அனுபவம்

எக்ஸெல் ஷீட்டை விட்டுவிட்டு, டேங்க் கணக்குகளைப் பைத்தானில், எண்ணோடு அலகையும் சேர்த்துக் கையாளும் பிண்ட் நூலகத்தோடு போட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. மாற வைத்தது ஒரே ஒரு செல். டேங்க் 15 மீட்டர் விட்டம், டிரான்ஸ்ஃபார்ம்டு உயரம் (தடிமன் மாறும் ஷெல்லை, அதாவது பக்கச் சுவரை, ஒரே தடிமனாக வைத்துக் கணக்கிட்ட உயரம்) 12 மீட்டர். டேட்டா ஷீட்டில் வேக்கம் 10 மில்லிபார். ஷீட்டில் அந்தச் செல்லின் தலைப்பு 'மி.மீ. டபிள்யூ.சி.', அதாவது நீர்த்தம்ப உயரம். நான் 10 என்றே அடித்துவிட்டேன். 1 கிலோபாஸ்கலாக இருக்க வேண்டியது 0.098 ஆகிவிட்டது.

பத்து மடங்கு பிழை கண்ணில் படாமலா போகும்? போனது. டேங்க் வடிவமைப்புக்கான ஏ.பி.ஐ. 650 கோடில், வெளி அழுத்தத்துக்கான அனெக்ஸ் வி சூத்திரத்தில் அழுத்தம் 0.4 அடுக்கில் வருகிறது. வேக்கம் மட்டும் என்றால் ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் (நசுங்காமல் இருப்பதற்கான பாதுகாப்புப் பெருக்கி) 3; அதன்படி வேண்டிய ஷெல் தடிமன் 7.6 மி.மீ., எனக்கு வந்தது 3. இந்த விட்டத்துக்குக் குறைந்தபட்ச ஷெல் தடிமனே 6 மி.மீ. என்பதால் ஷீட் 6-ஐ எடுத்துக்கொண்டு பச்சையில் 'ஓகே' காட்டியது. கணக்கைச் சரிபார்க்கும் செக்கர், டேங்குக்குள் காற்றை விடும் பிரீதர் வால்வின் செட்டிங்கோடு ஒத்துப் பார்த்ததால்தான் பிளேட் ஆர்டருக்கு முன்பே தப்பித்தோம்.

பிண்டில் 10 மில்லிபார் என்று அலகோடு எழுதினால் போதும், மாற்றுவது அதன் வேலை. மீட்டரோடு கிலோபாஸ்கலைக் கூட்டினால் உடனே எரர். இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தேன்.

முதல் மாதமே அது 479 மி.மீ. ஷெல் கொடுத்தது! எரர் எதுவும் இல்லை. சூத்திரத்தில் உள்ள 47.07-ஐ வெறும் எண்ணாக அப்படியே போட்டிருந்தேன். உயரத்தின் 0.4 அடுக்கும் விட்டத்தின் 0.6 அடுக்கும் சேர்ந்தால் ஒரு நீளம். மேலே அழுத்தம், கீழே எலாஸ்டிக் மாடுலஸ், இரண்டும் 0.4 அடுக்கு, பரிமாணம் அடிபட்டுப் போகிறது. நீளம் வந்தாயிற்று, பிண்டுக்குத் திருப்தி. ஆனால் அந்த 47.07-க்குள்ளேயே மீட்டர், மி.மீ., கிலோபாஸ்கல், மெகாபாஸ்கல் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அதே சூத்திரத்தின் அடி–அங்குல வடிவத்தில் எண் 1.23. அலகைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுதான், சுமார் 0.746. இப்போது என் பைத்தான் நிரலில் 0.746 மட்டும் வைத்திருக்கிறேன், மில்லிபாரோ, பி.எஸ்.எஃப்.போ (சதுர அடிக்குப் பவுண்டு), எது கொடுத்தாலும் 7.6 வருகிறது. இந்தச் சூத்திரம் பொருந்துமா என்று பார்க்கும் எலாஸ்டிக் பக்லிங் சோதனையின் 0.00675-உம் இதே ஜாதிதான். அடி–அங்குலத்தில் அது 0.19. விட்டத்தை மீட்டரில் போட்டுவிட்டு 0.19-ஓடு ஒப்பிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

குறை என்றால் வேகம். நூற்றுக்கணக்கான டேங்க் அளவுகளை லூப்பில் ஓட்டினால் இழுக்கும். அங்கே மட்டும் நுழைவாயிலிலேயே எல்லாவற்றையும் எஸ்.ஐ.க்கு மாற்றி, வெறும் எண்களாக ஓட்டுகிறேன்.

இன்னொரு தொல்லைக்குப் பிண்ட் பொறுப்பில்லை. கால்குலேஷன் ரிப்போர்ட்டைப் பார்க்கும் ஒவ்வொரு கிளையன்ட்டும், "ஏ.பி.ஐ. கோடில் 47.07 தானே சார் இருக்கு, இந்த 0.746 எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார்கள். இப்போது இரண்டு வழியிலும் போட்டு, இரண்டு 7.6-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துவிடுகிறேன்.