வில்லில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வசிக்கும் நான், அக்டோபரில் தொடங்கும் மான் வேட்டைப் பருவத்தை மனத்தில் வைத்து, சென்ற ஜூன் மாதம் இங்குள்ள ஒரு கடையில் 420 டாலருக்கு ஒரு ரிகர்வ் வில்லும் (முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்) ஒரு டஜன் கார்பன் அம்புகளும் வாங்கினேன். அந்த வில் இன்று பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கிறது. என் வலது தோளுக்கு எட்டு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. இதுபோல் சக்கரங்கள் இல்லாத மரபு வில் வாங்க நினைப்பவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன் எந்த வில்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பது. நண்பருடைய 60 பவுண்டு இழுவிசை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) கொண்ட காம்பவுண்டு வில்லில் சில மாதங்கள் பழகியிருப்பதாகச் சொன்னேன். அப்படியானால் 50 பவுண்டு ரிகர்வ் உங்களுக்கு மிக எளிது என்றும், அதற்குக் குறைந்த இழுவிசையில் மானை வீழ்த்த முடியாது என்றும், சட்டமும் அதையே கேட்கிறது என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். மூன்றுமே தவறு. காம்பவுண்டு வில்லில் உள்ள சக்கரங்கள், முழுவதும் இழுத்து முடித்ததும் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. நண்பருடைய வில் 80 விழுக்காடு குறைப்பது என்பதால், குறி பார்க்கும் நேரத்தில் என் விரல்களில் இருந்தது 12 பவுண்டு மட்டுமே. ரிகர்விலும், லாங்போ என்னும் நீண்ட எளிய வில்லிலும் அந்த உதவி கிடையாது. இழுக்க இழுக்கச் சுமை ஏறி, கடைசியில்தான் உச்சத்தைத் தொடும். சட்டத்தைப் பொறுத்தவரை, பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்ச இழுவிசை 35 பவுண்டு. 50 பவுண்டு என்பது அலாஸ்காவில் மூஸ் என்னும் பெரிய மான், பழுப்புக் கரடி போன்ற பெரிய விலங்குகளுக்கு வைத்திருக்கும் வரம்பு. இவற்றை நான் பணம் கொடுப்பதற்கு முன்பே தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் கேட்காமல் விட்டது அதைவிட முக்கியமானது. என் இழுப்பு நீளத்தை, அதாவது நாணை நான் எவ்வளவு தூரம் இழுப்பேன் என்பதை, அவர் அளக்கவே இல்லை. வில்லின் மேல் எழுதப்படும் இழுவிசை, பொதுவாக 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள சுமையைத்தான் குறிக்கும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, அதை 2.5 ஆல் வகுத்தால் ஒருவருடைய இழுப்பு நீளம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். என் கைகளின் விரிவு 74 அங்குலம். அதாவது நான் ஏறத்தாழ 29½ அங்குலம் இழுப்பவன். 28-ஐத் தாண்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு கூடும் என்பதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் 15 கெஜத் தொலைவில் இலக்கை வைத்துப் பழகத் தொடங்கினேன். முதல் ஆறு அம்புகள் ஓரளவு சேர்ந்து விழும். பன்னிரண்டாவது அம்புக்குள் விரல்கள் மரத்து, நாண் கன்னத்தைத் தொடுவதற்கு முன்பே நழுவிவிடும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எண்ணி ஐந்து வாரம் தொடர்ந்தேன். ஆறாவது வாரத்தில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. தோள்மூட்டுத் தசைநாண்களில் அழற்சி என்றார் மருத்துவர்.

ஓய்வுக்குப் பிறகு, அருகில் உள்ள வில்வித்தைக் களத்துக்கு வில்லை எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதியவர் ஒருவர், உத்தரத்தில் தொங்கிய தராசின் கொக்கியில் நாணை மாட்டி, அங்குலக் கோடுகள் வரைந்த ஓர் அம்பை அதில் பொருத்தி, வில்லை மெதுவாகக் கீழே இழுத்தார். 28 அங்குலத்தில் முள் 53-ஐக் காட்டியது, 29½-இல் 57. அதாவது 50 என்று எழுதி விற்கப்பட்ட வில்லில், நான் இத்தனை நாள் 57 பவுண்டை இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என் அம்பு ஒன்றை எடை போட்டார்: 315 கிரெய்ன், அதாவது 20 கிராமுக்குச் சற்று மேல். வில்லோடு வந்த தாளில், ஒரு பவுண்டு இழுவிசைக்குக் குறைந்தது 8 கிரெய்ன் எடையுள்ள அம்பு வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. என் இழுப்புக்கு 456 கிரெய்ன் தேவை. அம்பு இலேசாக இருந்தால், அது வாங்கிக்கொள்ளாத விசை முழுவதும் வில்லையே திருப்பி அடிக்கும். அவர் விரல்நகத்தால் தடவிக் காட்டிய இடத்தில், மேல் லிம்பின் (கைப்பிடிக்கு மேலே வளையும் பகுதியின்) அடுக்குகளை ஒட்டிய பசைக்கோட்டின் ஓரமாக, மயிரிழை போல ஒரு விரிசல் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓடியிருந்தது.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது, எடை குறைந்த அம்பைப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த அம்புகளை இதே வில்லுக்கென்று எடுத்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான். இரண்டும் ஒரே ரசீதில் இருப்பதைக் காட்டியும் பயனில்லை.

ஆகவே, நீங்கள் கடைக்குப் போனால், உங்கள் இழுப்பு நீளத்தில் வில்லைத் தராசில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஒருமுறை இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. முழுவதும் இழுத்துப் பத்து விநாடி நடுக்கமில்லாமல் நிறுத்தி, நாணை மெதுவாகத் திரும்ப விட முடிய வேண்டும். அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால் வில் உடையக்கூடும் என்பதையும் மறவாதீர்கள். இலக்குப் பயிற்சிக்கு மட்டும் என்றால், வளர்ந்தவர்களும் 25 முதல் 30 பவுண்டில் தொடங்குவதே நல்லது. மான் வேட்டைக்கு, 40 முதல் 45 பவுண்டு வில்லும், கனமான அம்பும், சவர அலகு போல் தீட்டிய முனையும் இருந்தால், இருபது கெஜத்துக்குள் போதும். அடக்க முடியாத வில்லால் எய்து, காயத்தோடு ஒரு மானை ஓடவிடுவதை நான் பெரும்பாவமாகவே கருதுகிறேன். கைப்பிடியும் லிம்புகளும் தனித்தனியாகக் கழலும் வில்லாக வாங்கினால், உடல் தேறத் தேற லிம்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் இப்போது அத்தகைய வில்லில், தராசில் பார்த்தே வாங்கிய 30 பவுண்டு லிம்புகளோடு பழகிவருகிறேன்.

பழைய வில்லைப் பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். விரிசலைக் காட்டிவிட்டு, அவர் எதிரிலேயே நாணை அறுத்து எடுத்துவிட்டேன்.