ரிச்மண்ட் ஆற்றங்கரையில் சாப்பாடு: பப்பா, ரெஸ்டாரன்டா?

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் ரிச்மண்டில் தேம்ஸ் கரையோரம் நடந்தால், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இரண்டு விதமான சாப்பாடு கிடைக்கிறது. படகுத்துறைச் சரிவை ஒட்டி ஒயிட் கிராஸ் பப். கொஞ்சம் தள்ளி ஸ்காட்ஸ் ரெஸ்டாரன்ட். இது 1851இல் லண்டனில் சிப்பிக் கடையாகத் தொடங்கிய பழைய மீன் உணவகத்தின் கிளை, இங்கே வந்தது 2022இல். இரண்டுக்கும் அதே ஆறு, 1777இல் கட்டி முடித்த அதே கல்பாலம். லண்டனில் இன்றும் நிற்கும் தேம்ஸ் பாலங்களில் அதுதான் மிகப் பழையது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், எங்கே கூட்டிப்போகலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் பெரும்பாலும் பப்தான். நம் ஆட்கள் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஒயின்ஷாப் நினைவு வந்துவிடுகிறது. ஞாயிறு மதியம் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும். கைக்குழந்தைகள், பாட்டிமார், மேசைக்கடியில் தூங்கும் நாய்கள், பாதிப் பேர் கையில் எலுமிச்சை சோடா. ஊரே ஒரு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கும்.

ஆனால் அங்கே நடைமுறை வேறு. உட்கார்ந்துகொண்டு யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பார் மேடைக்குப் போய் நாமே சொல்லிப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட வேண்டும். குடிப்பதைக் கையோடு வாங்கி வரலாம், சாப்பாடு மேசைக்கு வரும். மேடையில் வரிசை இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பதை உள்ளே நிற்பவர் கவனித்துக்கொண்டே இருப்பார். கையை ஆட்டிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ரெஸ்டாரன்டில் இந்தக் கவலை எதுவும் இல்லை: வாசலிலேயே வரவேற்று, கோட்டை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் நடமாட்டம் குறைந்த பெரியவர்களுக்கும் இது பெரிய வசதி.

சாப்பாட்டுக்கு வருவோம். பப்பில் சாப்பிட வேண்டியது ஞாயிறு ரோஸ்ட். வெள்ளைத் தட்டில் மெல்லிய துண்டுகளாக மாட்டிறைச்சி, நடுவில் இளஞ்சிவப்பு மாறாமல் இருக்கும். வேண்டாதவர்களுக்குக் கோழியோ ஆட்டிறைச்சியோ உண்டு. பக்கத்தில் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் இருக்கும் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ். மேலே கிண்ணம்போல் உப்பிய யார்க்‌ஷயர் புட்டிங். புட்டிங் என்றாலும் இனிப்பு கிடையாது, மாவும் முட்டையும் பாலும் கலந்து சூடான கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்து எடுப்பது. அந்தக் குழியில் கிரேவியை ஊற்றி, ஹார்ஸ்ராடிஷ் சாஸைக் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அது கடுகைப்போல நேராக மூக்குக்கு ஏறும். இங்கிலாந்துச் சாப்பாட்டில் காரமே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு அதைத்தான் முதலில் நகர்த்தி வைப்பேன். உருளைக்கிழங்கு அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு இருந்தால் இந்தத் தட்டுக்கு ஈடே இல்லை. நாலு மணிக்குப் போனால் அது தோல் தடித்துக் கிடக்கும், ரோஸ்டே தீர்ந்துபோயிருக்கவும் கூடும். அதனால் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது.

ரெஸ்டாரன்டின் பலம் மீன். டோவர் சோல் என்ற தட்டை மீனைக் கேட்டால் முழு மீனாகவோ முள் நீக்கியோ தருவார்கள். தெரிந்தவர் கையில் கத்தியும் கரண்டியும் இருந்தால், நடுமுள்ளை ஒட்டிக் கீறி, நான்கு நீளத் துண்டுகளையும் உடையாமல் எடுத்துவிட்டு, எலும்புக்கூட்டைத் தனியாக ஓரம் வைப்பார். வெண்ணெயும் எலுமிச்சையும் தவிர வேறெதுவும் தேவைப்படாத மீன் அது. சிப்பி சாப்பிடுபவர்களானால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம், அதுதான் இங்கிலாந்தின் நாட்டுச் சிப்பிக்குப் பருவம். இந்த விஷயத்தில் பப் கிட்டே வர முடியாது. பப்பின் மீனும் சிப்ஸும் வயிற்றை நிறைக்கும், அவ்வளவுதான். மேல்மாவில் பெரும்பாலும் பீர் சேர்க்கிறார்கள், மது தொடாதவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லவும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு இடத்திலும் கேள்வி கேட்கும் வாய் வேண்டும். பப்பில் சைவ ரோஸ்ட் இருக்கும், அதனோடு வரும் கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுத்திருக்கலாம். சிப்ஸ் மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிந்திருக்கலாம். வூஸ்டர்ஷயர் சாஸ் பெரும்பாலும் நெத்திலி சேர்த்தே வரும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: பீப்பாயிலேயே பதமாகும் மரபான கேஸ்க் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைச் சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டால் பணியாளர்கள் கோபிப்பதில்லை, உள்ளே போய் விசாரித்துச் சொல்கிறார்கள். மீன் உணவகத்தில் சைவத்துக்குத் தேர்வு குறைவுதான். ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் சமையலறை கவனம் எடுத்துக்கொள்ளும்.

அந்த கேஸ்க் பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளமான மரப்பிடியை இழுத்து நிலவறையிலிருந்து ஏற்றுகிறார்கள். 11 முதல் 13 டிகிரி வரை, ஜில்லென்று இருக்காது. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. குடிப்பவர்கள் முதலில் அரை பைன்ட் வாங்கிப் பார்க்கலாம். இதற்காகவே பப்புக்கு வருகிறவர்கள் உண்டு, அவர்களிடம் ரெஸ்டாரன்டின் ஒயின் பட்டியலை நீட்டிப் பயனில்லை.

இனி ஆறு. எனக்கு இதுதான் முக்கியம். தேம்ஸில் கடலின் ஏற்ற இறக்கம் ரிச்மண்டையும் தாண்டி டெடிங்டன் வரை வருகிறது. கொஞ்சம் கீழே 1894இல் கட்டிய தடுப்பணை, தண்ணீர் வடியும் நேரத்திலும் ஆறு சேறாகிவிடாமல் காக்கிறது. ஆனால் ஏறும் தண்ணீரை அது தடுப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாள் நீர் மிக உயரமாக ஏறும். அந்த நாட்களில் அது ரிச்மண்டை எட்டுவது பிற்பகல் மூன்று, நான்கு மணி வாக்கில். மதியச் சாப்பாட்டை முடித்து எழும் நேரம்! ஒயிட் கிராஸின் முன்பாதை அப்போது முழுகிவிடும். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். பப்பில் ரப்பர் பூட்ஸ் இரவல் கொடுத்த கதையும் உண்டு. குழந்தைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. வீட்டு நாட்காட்டியைப் பார்த்தே இதற்கு நாள் குறிக்கலாம் என்பது நமக்கு ஒரு கூடுதல் வசதி. சரியான நேரத்துக்கு லண்டன் பிரிட்ஜில் நீர் உச்சமாக ஏறும் நேரத்தோடு சுமார் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரெஸ்டாரன்டில் ஆறு ஒரு காட்சி, பப்பில் அது காலடி வரை வரும் ஆள். நான் பப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். காரை மட்டும் கரையோரம் நிறுத்திவிடாதீர்கள்.

செலவு. லண்டன் ஆற்றங்கரை பப்பில் ஒரு ரோஸ்ட் இருபது பவுண்டுக்கு மேல், பைன்ட் ஆறேழு பவுண்டு. பெரிய மீன் உணவகத்தில் ஒருவருக்கு ஆகும் பணத்தில் பப்பில் இருவர், மூவர் சாப்பிடலாம். அதோடு லண்டன் ரெஸ்டாரன்டுகளில் சர்வீஸ் சார்ஜ் என்று பெரும்பாலும் 12.5 சதவீதமோ அதற்கு மேலோ பில்லிலேயே சேர்ந்துவிடும். வேறொரு ஊரின் ஆற்றங்கரை உணவகத்தில் அதைக் கட்டிய பிறகும் கார்டு மெஷின் மறுபடி டிப்ஸ் கேட்டது. பில்லைப் படித்துவிட்டுக் கார்டை நீட்டுங்கள்.

அப்படியானால் ரெஸ்டாரன்ட் எப்போது? திருமண நாள், இருவர் மட்டும், பேச வேண்டியது நிறைய இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஸ்காட்ஸ். பப்பில் வெள்ளி இரவு பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காது. மழை நாளில் வயதானவர்களோடு போவதென்றாலும் அதுதான் நிம்மதி. மற்றபடி நான்கைந்து பேர், குழந்தைகள், ஞாயிறு மதியம் என்றால் பப். முன்பதிவு செய்யும்போது உள்ளே ஜன்னலோர மேசை கேளுங்கள். சாப்பாடு உள்ளே, அப்புறம் சிப்ஸும் கோப்பையுமாக வெளியே. ஈலிங் பக்கம் இருப்பவர்களுக்கு 65ஆம் எண் பஸ் ரிச்மண்டுக்கே வருகிறது, காரே தேவையில்லை.