அஸரில் இறக்கிய முத்து: கீழக்கரையில் இரண்டு பபிள் டீ

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் பபிள் டீ போட ஆரம்பித்தார்கள்; முத்து முத்தான உருண்டைகளைப் போட்டுத் தரும் குளிர்ந்த டீ அது. கடைக்காரக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) பல வருடம் கோலாலம்பூரில் உணவகத்தில் நின்றவர். கீழக்கரைக்கு இது பெரிய அதிசயம் இல்லை. ஊரே பெருமை பேசும் தொதல் என்ற இனிப்புகூட மலாய்க்காரர்களின் டோடோல்தான்.

பலகையில் இரண்டு வகை எழுதியிருந்தது. மரவள்ளி முத்துப் போட்ட பால் டீ 90 ரூபாய். வெடிக்கும் முத்துப் போட்ட மாம்பழ டீ 110 ரூபாய். ராத்தா (அக்கா) மகள் இரண்டாவதைக் கேட்டாள், நான் முதலாவதை. ஒன்றரை மாதம் மாறி மாறிக் குடித்தபின் நான் மரவள்ளிப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அவள் இன்னும் சாயவில்லை.

இரண்டும் குளிர்ச்சி, இரண்டிலும் சர்க்கரை அதிகம், இரண்டுக்கும் விரல் தடிமனில் உறிஞ்சுகுழல். மெல்லத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு மரவள்ளி முத்து வேண்டாம்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வெடிக்கும் முத்துக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அதன் தோல் ஆல்ஜினேட் என்ற பொருளால் ஆனது. ஆல்ஜினேட்டும் கால்சியமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய சவ்வு பிடிக்கும். பழச்சாறு உள்ளே நின்றுகொள்ளும். அந்த ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி முங்கி எடுக்கும் கட்டக்கோரை அந்த இனம்தான். ஊர்ப் பாசத்தை வைத்துப் பார்த்தால் நான் இதற்குத்தான் வாக்களித்திருக்க வேண்டும். ஆனால் கடித்த நொடியில் 'பட்' என்று உடைந்து இனிப்புத் தண்ணீர் பரவுகிறது, அதோடு சரி. டீயின் துவர்ப்பும் அதில் காணாமல் போகிறது. நான் குடித்தது மூன்று முறை, மூன்றும் மாம்பழம். லிச்சி எப்படியிருக்கும் என்பதை ராத்தா மகளிடம்தான் கேட்க வேண்டும்.

மரவள்ளி முத்து வேறு ஜாதி. நம் பாயசத்து ஜவ்வரிசிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிழங்கு ஒன்றுதான். தைவானில் 1980களில் பிறந்த பானம் இது. யார் முதலில் போட்டது என்று தைச்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தைனான் நகரத்துக் கடை ஒன்றும் பத்து வருடம் வழக்காடின. அங்கே முத்தை நாட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவார்கள். எங்கள் காக்கா கருப்பட்டிப் பாகில் போடுகிறார். பனை நிறைந்த மாவட்டத்தில் வேறென்ன செய்வார்! பாலில் அந்தப் பாகு கோடு கோடாக இறங்கும்போது லேசான புகை வாசம் வருகிறது. தொதல் மென்று வளர்ந்த வாய்க்கு இந்த இழுவையில் குறை சொல்லத் தோன்றாது.

இவ்வளவும் முத்து புதிதாக இருந்தால்தான்.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்குப் போய் அதே 90 ரூபாய் கொடுத்தேன். வெளியே பிசுபிசுப்பு, உள்ளே சுண்ணாம்புக் கட்டி. பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். காக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மதியம் வெந்தது, தம்பி. தூக்கிப்போட மனசு வரவில்லை" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முத்து அரைமணி நேரம் கொதிக்க வேண்டும், மூடிவைத்து இன்னொரு அரைமணி நேரம் புழுங்க வேண்டும், அதன்பின் பாகு. இறக்கியதிலிருந்து நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றவும் முடியாது; குளிரக் குளிர மாவுச்சத்து இறுகிவிடும், பழைய சோறு விறைப்பதைப் போல. சென்னையில் கூட்டம் நிற்கும் கடையில் ஒரு சட்டி அரைமணியில் காலியாகலாம். எங்கள் தெருவில் ஒரு சட்டி தீர ஒரு பொழுது ஆகும். வெடிக்கும் முத்துக்கு இந்த அவஸ்தை இல்லை. டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளிப் போட வேண்டியது, மூடிக் குளிரில் வைக்க வேண்டியது. கடைக்காரருக்கு அதுதான் சுகம்; குடிப்பவருக்கும் எந்த நேரத்திலும் ஒரே ருசி.

ஆகவே இப்போது விலையைக் கேட்பதில்லை, "சட்டி எப்போது இறங்கியது, காக்கா?" என்றுதான் கேட்கிறேன். அவரும் ஒளிப்பதில்லை. மதியச் சட்டியைக் கைவிட்டு, அஸர் என்ற மாலைத் தொழுகை முடித்து வருபவர்களுக்கென்று சின்னச் சட்டியாக ஒன்று மட்டும் வைக்கிறார். அது இரவுத் தொழுகையான இஷா வரை தாங்குகிறது. ஐந்து மணிக்குப் போனால் முத்து இன்னும் இளஞ்சூடாக இருக்கும். பனிக்கட்டிப் பாலுக்குள் அந்தச் சூடு தட்டுப்படுவதற்காகவே போகலாம்.

ஏர்வாடிக்கோ இராமநாதபுரத்துக்கோ பார்சல் வாங்கிப் போகிறவர்கள் மட்டும் ராத்தா மகள் பேச்சைக் கேளுங்கள். பஸ் எப்போது வரும் என்பது மரவள்ளிக்குத் தெரியாது.